நிலநடுக்கமும் நம் இரு நகரங்களும்

அகமதாபாத்தின் நடுவே, மாணேக் சௌக்கிற்கு அருகில், சுல்தான் அகமது ஷா எழுப்பிய ஜும்மா மசூதி விளங்குகிறது. 1424-ஆம் ஆண்டில் நிறைவுற்ற அம்மசூதியின் முகப்பை ஒரு காலத்தில் இரண்டு உயர்ந்த மினார்கள் அணி செய்தன. இன்று அவற்றின் அடிப்பகுதி மட்டுமே எஞ்சியிருக்கிறது. 1819 ஜூன் 16 அன்று கச்சுப் பகுதியில் நேர்ந்த பெரு நிலநடுக்கம் அவற்றைச் சிதைத்தது. பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த நம் முன்னோர் அவ்வழியே பன்முறை நடந்திருப்பர், நாமும் நடக்கின்றோம். ஆயினும் அம்மினார்கள் உணர்த்தும் பாடத்தை நாம் கற்றது 2001-ஆம் ஆண்டில்தான்.

அவ்வாண்டு ஜனவரி 26, குடியரசு நாள். காலை எட்டே முக்கால் மணியளவில் கச்சில் பச்சாவ் அருகே நிலம் அதிர்ந்தது. நடுக்கத்தின் அளவு 7.7. குஜராத்தில் 13,800 பேர் மாண்டனர். நம் நகரமோ அவ்விடத்திற்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அவ்வாறிருந்தும் இங்கு எழுநூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல மாடிக் கட்டிடங்கள் பல நொடிப்பொழுதில் சரிந்தன. அதே வேளையில், பழைய நகரத்துப் போள்களில் மரத்தூணும் உத்திரமும் பிணைத்துக் கட்டிய முதிய வீடுகளுள் பெரும்பாலானவை நிலைத்து நின்றன. நேற்றுக் கட்டியது விழ, நூற்றாண்டு கண்டது நின்றது எங்ஙனம்?

இதற்கு விடை காண, இரண்டனை நாம் பிரித்து அறிதல் வேண்டும். ஓரிடத்தில் நிலம் எத்துணை வலிமையுடன் நடுங்கக்கூடும் என்பது ஒன்று. அது நிலத்தின் இயல்பு. அந்நடுக்கத்தால் எத்துணை உயிரும் பொருளும் அழியக்கூடும் என்பது மற்றொன்று. அது பெரிதும் மனிதர் கட்டும் மனையைப் பொறுத்தது. முன்னதை இடர் என்றும் பின்னதை இழப்பு என்றும் குறிப்போம். இடர் மிக்க ஊரில் இழப்பு மிகவேண்டும் என்னும் நியதி இல்லை.

ஷில்லாங்கையும் கில்லாரியையும் ஒப்பிடுக. 1897 ஜூன் 12 மாலை அசாம் மலைநாட்டை உலுக்கிய நடுக்கம் 8 என்னும் அளவைக் கடந்தது. ஷில்லாங்கில் கற்கட்டிடங்கள் தரைமட்டமாயின. ஆயினும் அப்பெரும் பரப்பு முழுவதிலும் மாண்டோர் ஏறத்தாழ 1,500 பேரே. மாலைப் பொழுதாதலின் மக்கள் பலர் வெளியில் இருந்தமையும், எளியோர் வீடுகள் மரமும் மூங்கிலுமாக இலேசாய் இருந்தமையும் அதற்குக் காரணங்களாகும். அதன்பின் அந்நாட்டார், மரச்சட்டமும் நாணற்சுவரும் தகரக்கூரையும் உடைய வீடுகளையே பெரிதும் கட்டலாயினர். மராட்டியத்துக் கில்லாரியிலோ 1993 செப்டம்பர் 30 விடியற்காலை நேர்ந்த நடுக்கத்தின் அளவு 6.2, வெளிப்பட்ட ஆற்றல் அசாமினும் பல நூறு மடங்கு குறைவு. எனினும், மண்சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்களின் கீழ் உறங்கிக்கொண்டிருந்த 7,900 பேர் மடிந்தனர். அன்றைய வரைபடத்தில் அவ்வூர் இடர் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் இருந்தது என்பது நினைக்கத்தக்கது.

இனி நம் நகருக்கு வருவோம். அகமதாபாத் மூன்றாம் மண்டலத்தது. 2001-இல் இங்கு நிலம் அதிர்ந்த வேகம், அம்மண்டலத்திற்கு எதிர்பார்க்கப்பட்ட அளவினை ஒட்டியதேயாம். சாபர்மதி ஆற்றின் ஆழ்ந்த வண்டல் அதிர்ச்சியைச் சற்றுப் பெருக்கியது உண்மை. ஆனால் விழுந்த கட்டிடங்களுட் பலவற்றுக்கு ஒரு பொதுக்குறை இருந்தது. மேல் தளங்களில் சுவர்கள் நிறைந்திருந்தன. கீழ்த்தளமோ வாகனம் நிறுத்துவதற்காகச் சுவரின்றி, மெல்லிய தூண்களின்மேல் மட்டும் நின்றது. நிலம் பக்கவாட்டில் அசைந்தபோது முழுப்பாரமும் அத்தூண்களையே முறித்தது. நிலம் வரம்பு மீறவில்லை. மனைதான் வலிவு குன்றியிருந்தது.

அதே 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் தோன்றிய நடுக்கம் சென்னை மக்களை வீதிக்குக் கொணர்ந்தது. 2002-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட வரைபடம், சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு உயர்த்தியது. நாம் விட்டு வந்த ஊரும் நாம் வந்து வாழும் ஊரும் ஒரே மண்டலத்தில் அமைந்தன!

நம்மவருட் பலர், ஆயுட்காலச் சேமிப்பைக் கொண்டு ஓய்வுக்காலத்திற்கெனச் சென்னையில் அடுக்ககம் வாங்குகின்றனர். அங்கும் கீழ்த்தளம் வாகனத்திற்கும் மேல்தளம் மக்களுக்கும் என்பதே வழக்கமாகிவிட்டது. அம்முறையே தீது என்பதன்று. கீழ்த்தூண்கள் போதிய பருமன் உடையனவா, தூண்களில் ரிங் கம்பிகள் நெருக்கமாகக் கட்டப்பட்டனவா, அடித்தளத்தில் கான்கிரீட் தாங்குசுவர் உண்டா, நிலநடுக்க விதிப்படி பொறியாளர் கணித்த வரைபடம் உள்ளதா என்று கேட்டறிதலே வேண்டுவது. முகப்பின் பளிங்கையும் சமையலறையின் அகலத்தையும் பலமுறை பார்க்கும் நாம், இவற்றை ஒருமுறையேனும் வினவுகின்றோமா?

நிலத்தின் நடுக்கம் எந்நாள் வரும் என்று முன்னறிந்து கூறவல்லார் எவரும் இலர். அது வரும்போது வீடு நிற்குமாறு கட்டும் அறிவோ நம்மிடம் உள்ளது. நம் நகரம் விலை கொடுத்துக் கற்ற இப்பாடத்தை, நம் ஊரிலுள்ள உற்றாருக்கும் எடுத்துரைப்போமாக.