க்ஷமையும் சரீர ஆரோக்யமும்: கொல்லிக் காவலர் பாசுரமும் கூரத்தாழ்வான் வரலாறும்

குலசேகரப் பெருமாள் தம்மைக் கொல்லிக்கும் கூடலுக்கும் கோழிக்கும் தலைவராகப் பெருமாள் திருமொழியில் குறித்தருளுகிறார். கொல்லிமலை ஓரியினுடையது; காரி அவனைக் கொன்று அம்மலையைச் சேரர்க்குக் கொடுத்தமை அகநானூற்றால் அறியப்படும். சேரர் குடியில் அவதரித்த ஆழ்வார்க்கு அவ்வழியாலே அப்பெயர் உரித்தாயிற்று. மூலிகைக்குப் பேர்போன மலையின் காவலர், வித்துவக்கோட்டம்மானைப் பாடும் ஐந்தாம் திருமொழியில் மருத்துவனை உவமையாக எடுத்தார். அறுத்தாலும் சுட்டாலும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளியைப் போலே, மீளாத துயரத்தை நீ தந்தாலும் உன் அருளையே பார்த்திருப்பேன் என்பது அப்பாசுரத்தின் கருத்து. அடியேனுக்குச் சந்தை சொல்லிவைத்த தகப்பனார் இவ்விடத்தில் நிறுத்தி, "நோய் தீர்ந்தது என்று ஆழ்வார் எங்கே சொன்னார், காட்டு" என்பார்.

அக்கேள்வி இப்போது வேண்டியிருக்கிறது. மருந்து தேடி இம்மலைக்கு ஏறிவருவார் சிலர் ஓர் உபதேசத்தையும் கேட்டுவருகிறார்கள்: தீங்கு செய்தவரைப் பொறுத்துவிட்டால் பிணி அகலும், அகலாவிடில் பொறுத்ததில் குறை என்று. பிணியாளன் தலையில் பிணியோடு பழியையும் ஏற்றுகிற இவ்வார்த்தைக்குக் கூரத்தாழ்வான் வரலாற்றைச் சான்றாகக் காட்டுவாரும் உளர். அது சான்றாகுமா என்பதே இங்கு விசாரம்.

மனம் உடலைத் தாக்கும் என்பதில் விவாதமில்லை. சரக ஸம்ஹிதையின் ஸூத்ரஸ்தானம், நோயை வளர்ப்பவற்றுள் விஷாதத்தையே முதன்மையாகச் சொல்லுகிறது. கோபம், சோகம், பயம், பொறாமை இவற்றின் வேகத்தை அடக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. சிகித்ஸாஸ்தானத்து ஜ்வரப் பகுதி கோபத்தால் வந்த ஜ்வரத்துக்குப் பித்தம் தணிக்கும் சிகித்ஸையோடு நல்ல வார்த்தையையும் மருந்தாக்குகிறது. ஸஹஸ்ரநாமத்தால் எம்பெருமானைத் துதிப்பதும் அப்பகுதியிலேயே கூறப்படும். கோபத்தில் குருதியழுத்தம் ஏறும் என்று இந்நாளைய மருத்துவர் சொல்வதும் இதற்கு இசைந்ததே. ஆனால் இவை வைத்யனுடைய வார்த்தைகள். கோபத்தை அடக்குவதைப் பத்யமாகச் சொல்லுவது வேறு. அபராதியைப் பொறுப்பது வேறு.

இனி ஆழ்வான் சரித்திரம். எம்பெருமானாருக்காகச் சோழனுடைய சபைக்கு எழுந்தருளியவர் இருவர்: கூரத்தாழ்வானும் பெரிய நம்பியும். அரசனைத் தூண்டியவன் நாலூரான். அவன் ஆழ்வானிடமே சிஷ்யனாயிருந்தவன் என்பர். ஆழ்வானும் நம்பியும் கண்களை இழந்தார்கள். நூற்றைந்து திருநக்ஷத்திரம் கண்ட நம்பி அவ்வேதனையால் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார். ஆழ்வானோ நெடுங்காலம் ஜீவித்து, திருமாலிருஞ்சோலையில் ஸுந்தரபாஹு ஸ்தவத்தையும் அருளிச்செய்தார். ஒரே ராஜதண்டனை, இரண்டு திருமேனிகள், இரண்டு முடிவுகள். பொறையே உடலைக் காக்குமாயின் நம்பியின் திருவுள்ளத்தில் குறைசொல்ல வேண்டிவரும். அதற்குத் துணிவார் யார்?

அரசன் கழுத்திற் புழுத்து மாண்டான் என்று குருபரம்பரை கூறும். கிருமிகண்டன் என்னும் பெயரும் அதனாலேயே. அவன் முதற்குலோத்துங்கனோ இரண்டாங்குலோத்துங்கனோ என்பதில் சரித்திர ஆசிரியர்கள் ஒருமைப்படவில்லை. அவன் த்வேஷமே புழுவாயிற்று என்பாருக்கு ஒன்று சொல்லலாம்: ஆளவந்தார் திருமேனியிலும் ராஜபிளவை வந்தது. அதை மாறனேர் நம்பி ஆசார்ய ப்ரஸாதமாகக் கேட்டுத் தம் உடலில் வாங்கிக்கொண்டார். அவர்க்குச் சரம கைங்கர்யம் செய்தவர் மேற்சொன்ன பெரிய நம்பியே. நோயைக் கண்டு நெஞ்சை அளக்கும் வழக்கம் நம் பெரியோர்களிடத்தில் இல்லை.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்தில், நமக்குத் தீங்கு செய்தவரிடத்தில் பொறையும் க்ருபையும் சிரிப்பும் உகப்பும் உபகார ஸ்ம்ருதியும் வேண்டும் என்று நிர்ணயித்தார். சரீர ஆரோக்யம் அவ்விடத்தில் பேசப்படவில்லை. ஆழ்வானின் திருக்குமாரரான பட்டர் வ்யாக்யானம் இட்டருளிய ஸஹஸ்ரநாமத்தின் பலச்ருதியிலும், பக்தர்க்குக் கோபமில்லை என்பதும் நோயாளி நோயினின்று விடுபடுவான் என்பதும் தனித்தனியே வருவன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை. இரண்டுக்கும் காரணம் பேஷஜமும் பிஷக்குமாயிருக்கிற அவனே.

எம்பெருமானார் மேல்கோட்டையிலிருந்து மீண்டபின், காஞ்சியில் பேரருளாளனைப் பாடிக் கண்களைக் கேட்கும்படி ஆழ்வானை நியமித்தார். வரதராஜ ஸ்தவம் விண்ணப்பம் செய்தாயிற்று. வேண்டியதென்ன என்று கேட்டருளியபோது, தாம் பெறும் பேறு நாலூரானும் பெறவேண்டும் என்றார். உடையவர் வருந்தியபின், பெருமாளையும் ஆசார்யரையும் சேவிக்குமளவு கண் தந்தருளினான் என்றொரு நிர்வாஹமும் உண்டு. அதையும் பொறைக்குக் கூலியாகக் குருபரம்பரை எழுதவில்லை. ஆழ்வான் கேட்டது நாலூரானுக்காக. பேரருளாளன் இசைந்ததும் அதற்கே.