1937: அரசு மறைத்த கணக்கு

சோவியத் வரலாறு படிக்க வரும் மாணவர்கள் லெனினிலிருந்து தொடங்குவார்கள். இல்லையென்றால் நேராகச் சிறை முகாம்களுக்குப் போய்விடுவார்கள். நான் அவர்களை முதலில் 1937 ஜனவரி 6-ஆம் தேதி நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் படிக்கச் சொல்வேன். அந்த அரசு தன் மக்களிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய பதில் அது.

ஜனவரி 5 நள்ளிரவில் யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே அவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ரயிலில் போய்க்கொண்டிருந்தவர்களைக்கூட விடவில்லை. பழைய நாட்காட்டிப்படி மறுநாள் பொழுதுபோனால் கிறிஸ்துமஸ். அந்த வேளையில் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி: கடவுளை நம்புகிறீர்களா, நம்பினால் எந்த மதம்? படிவத்தில் இந்தக் கேள்வியைச் சேர்த்தவர் ஸ்டாலின்.

பதில் சொன்னால் பட்டியலில் பெயர் ஏறிவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. நம்புகிறவர்கள் அதிகம் என்று தெரிந்தால் மூடிக்கிடக்கும் தேவாலயத்தைத் திறந்துவிடுவார்கள் என்று எண்ணித் துணிந்து சொன்னவர்களும் உண்டு. சுமார் 5.5 கோடிப் பேர், அதாவது பதில் சொன்னவர்களில் ஏறக்குறைய 57 சதவீதம் பேர், 'நம்புகிறேன்' என்றார்கள். இருபதாண்டு நாத்திகப் பிரசாரத்துக்குப் பிறகு, வாசலில் நிற்கும் அரசு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பதில் அது. அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

ஆனால் கணக்கெடுத்தவர்களின் உயிருக்கு உலை வைத்தது மொத்தத் தொகைதான். 1933 முடிவில் மக்கள்தொகை 16.8 கோடி என்று 1934 கட்சி மாநாட்டில் ஸ்டாலின் அறிவித்திருந்தார். மூன்று ஆண்டு கழித்து எண்ணிப் பார்த்தால் 16.2 கோடிதான் தேறியது. இந்தக் குறைவுக்குப் பின்னால் 1932-33 பஞ்சம் இருந்தது. தானியத்தை அரசு வாரிக்கொண்டு போன உக்ரைனிலும் வோல்கா கரையிலும் குபானிலும் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். பல ஊர்களில் சாவைப் பதிவு செய்யவும் ஆளில்லை. புள்ளிவிவரத் துறையைச் சேர்ந்த மிகயில் குர்மன் 1937 மார்ச்சில் எழுதிய குறிப்பில், பதிவாகாத சாவுகளைக் காரணமாகக் காட்டினார். அவர் பல ஆண்டுகள் முகாமில் கிடந்தார். கணக்கெடுப்பை நடத்திய ஒலிம்பி குவித்கின் அறுபது வயதைத் தாண்டியவர். செப்டம்பர் 28 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். துறைத் தலைவர் இவான் கிராவலுக்கும் அதே ஆண்டில் அதே முடிவு. புள்ளியியலின் அடிப்படை விதிகளை மீறிய கணக்கு என்று சொல்லி, குவித்கினைச் சுடுவதற்கு மூன்று நாள் முன்பே அரசு கணக்கெடுப்பைச் செல்லாததாக்கியிருந்தது.

1939-இல் மறுபடியும் எண்ணி, 17 கோடி என்றார்கள். மதக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பின் எந்தச் சோவியத் கணக்கெடுப்பிலும் அது இடம்பெறவில்லை. 1937-இன் அட்டவணைகள் ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிவர ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது.

அந்த அட்டவணைகளை அவசரமாகப் படிக்கக் கூடாது. 1926-இல் 3.12 கோடியாக இருந்த உக்ரைனியர்கள் 1937-இல் 2.64 கோடி. இந்தக் குறைவு முழுவதும் சாவு அல்ல. தங்களை ரஷ்யர் என்று சொல்லிக்கொண்டவர்களும் இதில் அடக்கம். 39.7 லட்சம் கசாக்குகள் 28.6 லட்சமானார்கள். இவர்களிலும் ஒரு பகுதியினர் எல்லை தாண்டிச் சீனாவுக்குப் போனவர்கள். ஆனால் மந்தைகளைப் பறிகொடுத்து, பிழைக்க வழியில்லாமல், புல்வெளியிலேயே பசியால் செத்தவர்கள்தான் பெரும்பாலோர்.