இரண்டு மதில்கள்: மொந்தெரிஜ்ஜோனியும் லூக்காவும்

இத்தாலியின் டஸ்கனி பகுதிக்குப் படிக்கப் போகும் மாணவருக்கு, விடுமுறை நாளில் சுற்றிப் பார்க்க மதில் சூழ்ந்த பழைய ஊர்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றைப் பார்த்தால் போதும், மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். மொந்தெரிஜ்ஜோனியையும் லூக்காவையும் அடுத்தடுத்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.

1240 முதல் பல்கலைக்கழகம் நடந்துவரும் சியேனாவிலிருந்து மொந்தெரிஜ்ஜோனி சுமார் 15 கிலோமீட்டர். புளோரன்ஸை எதிர்கொள்ளும் எல்லைக்காவலாக 1213-க்குப் பிறகு சியேனா குடியரசு கட்டிய கோட்டை அது. குன்றின் உச்சியில், சுற்றளவு 570 மீட்டர்தான். இரண்டு வாயில்கள், 14 காவல் கோபுரங்கள். தாந்தே தம் காவியத்தின் நரகப் பகுதியில், 31ஆம் காண்டத்தில், பாதாளக் குழியைச் சுற்றி நிற்கும் அரக்கர்களுக்கு இந்தக் கோபுரங்களைத்தான் உவமை சொன்னார். மூடுபனி விலக விலக உருவங்கள் தெளிவதாக அவர் எழுதியிருப்பதால், பனி படிந்த குளிர்காலக் காலையில் போவது நல்லது.

லூக்காவில் இப்படி நிமிர்ந்து மிரட்டும் கோபுர வரிசை கிடையாது. சம தரையில், அகன்று தாழ்ந்து கிடக்கிறது மதில்: உயரம் சுமார் 12 மீட்டர், அடியில் அகலம் சுமார் 30 மீட்டர், சுற்றளவு 4 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் பீரங்கி. ஏணியும் அம்பும் கொண்டு வரும் பகைவனுக்கு உயரமான கல்மதில் போதும். 1494-இல் பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸ் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் இறங்கியதும், உயரமே பலவீனம் என்று ஆகிவிட்டது. குண்டின் வேகத்தை விழுங்க மண் வேண்டும். பக்கவாட்டிலிருந்து திருப்பிச் சுட, வெளியே துருத்திய கொத்தளங்கள் வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை லூக்கா செலவழித்தது இதற்காகத்தான்.

இரண்டுக்கும் நேர்ந்த முடிவுகளும் வேறு. மொந்தெரிஜ்ஜோனி பல முற்றுகைகளைத் தாங்கியது. 1554-இல் கோட்டைத் தலைவனே சாவியைப் பகைவரிடம் ஒப்படைத்தான். லூக்காவின் மதிலை எந்தப் படையும் தாக்கவில்லை. அதைச் சோதித்தது 1812-இல் பெருகிவந்த செர்கியோ ஆறு. வாயில்களை அடைத்து வெள்ளத்தை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள்.

போருக்காகக் குவித்த அந்த மண்தான் பிற்காலத்தில் லூக்காவை வாழவைத்தது என்பது என் எண்ணம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரை ஆண்ட மரியா லூயிசா காலத்தில் மதிலின் மேற்பரப்பு மரநிழல் பாதையாக மாறியது. 1865-இல் தலைநகரான புளோரன்ஸ், அகலமான சாலைகளுக்காகத் தன் மதிலில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளியது. லூக்காவின் மதில் மக்களின் அன்றாட நடைபாதையாகிவிட்டிருந்தது, அது நின்றது. இன்றும் பள்ளி விட்ட பிள்ளைகளும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் சைக்கிள்களும் அங்கே. கட்டணம் எதுவுமில்லை. மொந்தெரிஜ்ஜோனியிலோ மதில் மெலிந்தது. அமைத்திருக்கும் நடைமேடையில் சிறிது தூரம் மட்டும், சீட்டு வாங்கி நடக்கலாம். உள்ளே குடியிருப்பவர்கள் மிகச் சிலர். மாலையில் பயணிகள் கிளம்பியதும் சதுக்கம் வெறிச்சோடிவிடும்.

கட்டடக்கலை படிப்பவருக்கு மொந்தெரிஜ்ஜோனி தவிர்க்க முடியாதது. 13ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் வடிவம் இவ்வளவு முழுமையாகக் கிடைப்பது அரிது. ஆனால் ஒரு மதிலோடு மக்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று அறிய லூக்காவுக்குத்தான் போகவேண்டும். முன்னதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். லூக்காவில் ஓர் இரவாவது தங்கி, மாலையில் ஊர்க்காரர்களோடு மதில்மேல் ஒரு முழுச் சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.