குருதி அகாரின் கதை



திருநாள் காலங்களில் நம் வீடுகளில் பல வண்ணங்களில் வெட்டி அடுக்கப்படும் அகார்-அகாரை அறியாத பிள்ளைகள் இல்லை. கடற்பாசி என்றும் நாம் அழைக்கும் அப்பண்டத்தின் பெயர் மலாய்மொழிச் சொல். அச்சொல் உலகெங்கும் உள்ள மருத்துவமனை ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் புழங்குகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அது அங்கு எவ்வாறு சென்றது, அதனோடு குருதி ஏன் கலந்தது என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

1880ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கோக் பாக்டீரியாக்களைத் தனித்தனியே பிரித்து வளர்க்க முயன்றார். நீர்மத்தில் வளர்த்தால் எல்லாம் கலந்துவிடும். எனவே திடமான பரப்பு தேவைப்பட்டது. வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளில் வளர்த்தார். பின்னர் ஜெலட்டினைப் பயன்படுத்தினார். ஆனால் மனித உடலின் வெப்பமான 37 பாகை செல்சியசில் ஜெலட்டின் உருகி ஓடிவிடும். சில பாக்டீரியாக்களோ அதனையே செரித்து நீராக்கிவிடும்.

கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெசே என்ற மருத்துவரும் இத்தொல்லையால் அல்லலுற்றார். அவருடைய மனைவி ஃபேனி ஹெசே 1850இல் நியூயார்க்கில் பிறந்தவர். கணவரின் ஆய்வுகளுக்குப் படம் வரைந்து கொடுத்தவர். வெயிலிலும் உருகாத பழக்கூழ் செய்ய அவர் அகாரைப் பயன்படுத்தி வந்தார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சு அண்டை வீட்டாரிடமிருந்து அதனை அறிந்தாராம். “அகாரைப் பயன்படுத்திப் பார்க்கலாமே” என்ற யோசனை அவருடையது. அகார் கொதிநிலையை நெருங்கும்போதுதான் உருகும்; 40 பாகைக்கும் கீழே ஆறினால்தான் உறையும். பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதனைச் செரிக்கவும் இயலாது.

1882இல் கோக் காசநோய்க் கிருமியைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் அகாரைப் பற்றிய குறிப்பு உண்டு. ஃபேனியின் பெயர் இல்லை, அவர் கணவரின் பெயரும் இல்லை. தட்டைக் கண்டவரான பெட்ரியின் பெயர் அத்தட்டோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்க, அதை நிரப்பும் பொருளைத் தந்தவரை மறந்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1934இல் ஃபேனி காலமானார். 1939இல்தான் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் இவ்வரலாறு விரிவாக எழுதப்பட்டது.

இனி, குருதிக்கு வருவோம். தொண்டையில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் நுண்ணோக்கியில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். மணிகளைக் கோத்த மாலைபோல் இருக்கும். அவற்றுள் தீங்கற்றது எது, கொல்லக்கூடியது எது என்று உருவத்தைக் கொண்டு சொல்ல முடியாது. 1903இல் ஹியூகோ ஷாட்முல்லர் அவற்றைக் குருதி கலந்த அகாரில் வளர்த்து வேறுபடுத்திக் காட்டினார். உருவம் மறைத்ததைச் செயல் காட்டிக் கொடுத்தது. சில வகைகள் சிவப்பணுக்களை முற்றாகச் சிதைத்துத் தம்மைச் சுற்றித் தெளிந்த வளையத்தை உண்டாக்கும், இது பீட்டா. சில வகைகள் பச்சை நிறம் படரச் செய்யும், இது ஆல்ஃபா. எதுவும் செய்யாதது காமா. இப்பெயர்களை நிலைபெறச் செய்தது 1919இல் வெளிவந்த ஜே. எச். பிரவுனின் நூல்.

இதைத் தயாரிப்பதிலும் சமையலறைப் பக்குவம் உண்டு. கொதிக்க வைத்த அகார் 45 முதல் 50 பாகை வரை ஆறிய பின்னரே, பெரும்பாலும் 5 விழுக்காடு அளவில் ஆட்டுக்குருதியைச் சேர்ப்பர். சூட்டோடு ஊற்றினால் குருதி பழுப்பாகிவிடும். வேண்டுமென்றே அவ்வாறு செய்வதும் உண்டு. அதற்குச் சாக்லெட் அகார் என்று பெயர். சாக்லெட் ஒரு துளியும் இல்லை என்பதை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது!

இந்த வளையத்தால் யாருக்கு என்ன பயன்? பிரசவக் காய்ச்சலால் மடிந்த தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். மருத்துவர்கள் கை கழுவினால் அச்சாவுகள் குறையும் என்று 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் காட்டினார், பலர் ஏற்கவில்லை. 1879இல் பாஸ்டர் அக்கிருமியின் மாலை வடிவத்தைச் சுட்டினார். ஆயினும் அது தாயை எங்கிருந்து வந்தடைகிறது? 1933இல் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு பீட்டா வகைகளை மேலும் பிரித்து, மனிதரைப் பெரிதும் தாக்குவது ‘ஏ’ பிரிவு என்று காட்டினார். 1935இல் லண்டனில் டோரா கோல்புரூக் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற பல தாய்மார்களின் கிருமி அவர்களைக் கவனித்தவர்களின் தொண்டையிலோ மூக்கிலோ, சில வேளைகளில் அவர்களுடைய சொந்தத் தொண்டையிலோ இருந்த கிருமியோடு ஒத்திருந்தது. பிரசவ அறையில் முகக்கவசம் ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

அதே ‘ஏ’ பிரிவுதான் நம் பிள்ளைகளின் தொண்டைவலிக்கும் ஒரு காரணம். பெரும்பாலான தொண்டைவலிகள் வைரசால் வருபவை. அவற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பயன்படாது. ஆனால் இக்கிருமியால் வந்த வலியைக் கவனியாது விட்டால், சில பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைப் பழுதாக்கக்கூடும். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு தொண்டையும் ஒன்றுபோல் சிவந்திருக்கும்.

தெளிந்த வளையம் மட்டுமே முடிவன்று. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியசும் அவ்வாறே சிதைக்கும்; ஆதலால் வேறு சோதனைகளும் தொடரும். இன்று சில நிமிடங்களில் விடை தரும் விரைவுச் சோதனைகள் வந்துவிட்டன. எனினும் பிள்ளையின் தொண்டையில் தடவி எடுத்த பஞ்சுக்குச்சி ஆய்வுக்கூடத்தை அடைந்தால், அந்தச் சிவப்புத் தட்டில் கோடு இழுத்து, 18 முதல் 24 மணி நேரம் உடல் வெப்பத்தில் வைத்துவிட்டு, மறுநாள் காலை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.