பிள்ளைகளோடு கொழும்புக்கு: வடக்கிலிருந்து புறப்படும் குடும்பங்களுக்குச் சில விபரங்கள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உள்ள பத்து வயதுப் பிள்ளையிடம் கொழும்பு என்றால் என்ன என்று கேட்டால் தாமரைக் கோபுரம் என்றோ மிருகக்காட்சிச்சாலை என்றோ சொல்லும். அதே கேள்வியைத் தாயிடம் கேட்டால் லொட்ஜ் அறை, பொலிஸ் பதிவு, நாலாம் மாடி, மகசின் சிறைச்சாலை, மகரகம வைத்தியசாலை என்று வேறு பெயர்கள் வரும். 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகள் இப்போது தலைநகரைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். புலமைப்பரிசில் பாஸ் பண்ணினால் கூட்டிப் போகிறோம் என்று வாக்குக் கொடுத்த வீடுகளும் ஏராளம். கூட்டிப் போகவேண்டிய பெற்றோரோ கொழும்பை உல்லாசத்துக்காக ஒருமுறையும் பார்த்தவர்கள் இல்லை. அப்படியான குடும்பங்களை மனதில் வைத்தே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

எப்போது போகலாம்

பாடசாலை விடுமுறை ஏப்ரல், ஆகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் வருகிறது. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய சில நாட்களைத் தவிர்ப்பது நல்லது. கடைகள் பூட்டியிருக்கும், நகரமே ஊருக்குப் போய்விடும், பஸ்களில் கால் வைக்க இடமிராது. ஆடிவேல் விழாக் காலத்தில் போனால் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி வரும் வேல் இரதத்தையும் பார்க்கலாம்.

தவிர்க்க வேண்டிய நாட்கள் வேறும் உண்டு. பெப்ரவரி 4 சுதந்திர தினத்துக்கு முந்திய நாட்களில் அணிவகுப்பு ஒத்திகை நடக்கும், விமானங்கள் தாழப் பறக்கும். பிள்ளைகள் கையசைத்துச் சிரிப்பார்கள். கிபீர் இரைச்சலுக்குப் பதுங்குகுழிக்குள் ஓடிய தாய்க்கு அது வேறு சத்தம். டிசெம்பர் 31 இரவு காலிமுகத்திடலில் வாணவேடிக்கை இருக்கும். வெசாக் வெளிச்சக்கூடுகள் பார்க்க அழகானவை, காசும் இல்லை. ஆனால் அது மே மாதம். மே 18ஐ ஊரில் இருந்து நினைவுகூர விரும்புவோரும், மறுநாள் தலைநகரில் நடக்கும் யுத்த வெற்றி நிகழ்வுகளைப் பார்க்க விரும்பாதோரும் அந்த வாரத்தை விட்டுவிடுவதே நல்லது.

ரயிலா, பஸ்ஸா

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் நின்றது. பாதை மீண்டும் 2013இல் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வந்து சேர்ந்தது. பிள்ளைகளோடு போவதற்கு ரயிலே வசதி. எழுந்து நடக்கலாம், மலசலகூடம் உண்டு, வாந்தியும் குறைவு. முற்பதிவு திறந்ததும் இருக்கைகள் முடிந்துவிடும் என்பதால் திகதியை முடிவு செய்த அன்றே நிலையத்திலோ இணையத்திலோ பதியுங்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள், பயணத்தின்போது அந்த அட்டை கையில் இருக்க வேண்டும். பாதைத் திருத்த வேலைகளாலும் வெள்ளத்தாலும் நேரசூசி அடிக்கடி மாறுவதுண்டு. ஆகவே பழைய நேரத்தை நம்பாமல் முதல் நாள் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துவிடுங்கள்.

போகும்போது பகல் ரயிலில் போவது என் விருப்பம். இரவு பஸ்கள் விடியமுன்பே வெள்ளவத்தையில் இறக்கிவிடும். அறையோ மதியத்துக்குப் பிறகுதான் தருவார்கள். நித்திரை கலைந்த இரண்டு பிள்ளைகளோடும் நான்கு பைகளோடும் காலி வீதியில் குந்தியிருக்கும் முதல் காலை முழுப் பயணத்தையும் கெடுத்துவிடும். பகலில் போனால் பிள்ளைகள் யன்னலால் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். ஓமந்தையைக் கடக்கும்போது அங்கே ஒரு சோதனைச்சாவடி இருந்தது, பொதிகளை இறக்கி வரிசையில் நின்றோம் என்று சொல்வதா விடுவதா என்பதை வீட்டிலேயே யோசித்து வையுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடியது ஆறு வயதுப் பிள்ளைக்கு வேண்டியதில்லை.

ஆவணங்களும் தங்குமிடமும்

2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை உள்ளிட்ட இடங்களின் லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் காலத்தில் அறை எடுத்தவர்களுக்கு வரவேற்பு மேசையில் அடையாள அட்டையைக் கேட்டதும் இன்றும் கை நடுங்கும். இப்போது லொட்ஜில் அட்டைப் பிரதி வாங்குவது எல்லோரிடமும் வாங்கும் வழமையான பதிவு. எனவே பிரதிகளை முன்கூட்டியே எடுத்து உறையில் போட்டுக் கொண்டு போனால் அந்த நிமிடம் சுருக்கமாக முடியும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் வேண்டும். இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம், அதற்குச் சில கிழமைகளை ஒதுக்குங்கள். 15 வயது கடந்த பிள்ளைக்குத் தேசிய அடையாள அட்டை இன்னும் வரவில்லையென்றால் பாடசாலை அதிபரின் கடிதம் ஒன்று துணை.

தங்குவதற்கு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி. தமிழ் பேசும் கடைகள், காலையில் இடியப்பமும் சொதியும், பக்கத்தில் கோயில், நடந்து போனால் கடல். சமையலறையோடு கூடிய சிறு வீடுகளை நாள் வாடகைக்குத் தருவோரும் உள்ளனர். ஐந்து பேருக்கு மேல் என்றால் கடைச் சாப்பாட்டை விட அதுவே மலிவு. சொந்தக்காரர் வீட்டில் தங்குவதானால் இரண்டு இரவுக்கு மேல் வேண்டாம். கொழும்பு வீடுகள் சின்னவை, அவர்களுக்கும் காலையில் வேலைக்குப் போகவேண்டும்.

பார்க்க வேண்டியவை

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும், மாலையில் கடற்கரை. ஐந்து இடத்தை ஒரே நாளில் பார்த்த பிள்ளைக்கு ஞாபகத்தில் மிஞ்சுவது ஐஸ்கிரீம் மட்டுமே.

தேசிய நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. பிள்ளைகளுக்குச் சலிப்பு என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அது தவறு. எல்லா அறையும் சுற்ற வேண்டாம், மூன்று பொருட்களைத் தேடிப் பிடிக்கச் சொல்லுங்கள். முதலாவது, காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட இந்தக் கல்லைச் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டினார். சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளில் வெட்டப்பட்டது. தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில் கொண்ட தென்னாவரை நாயனாருக்குச் செலுத்திய காணிக்கைகளைச் சொல்கிறது. எழுத்து தேய்ந்துவிட்டது, வாசிப்பது கடினம். இரண்டாவது, பொலன்னறுவையில் கிடைத்த வெண்கலச் சிலைகள். நடராசரும் காரைக்கால் அம்மையாரும் அவற்றுள் உண்டு. எலும்பும் தோலுமாக அமர்ந்து தாளம் போடும் அம்மையாரைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். மூன்றாவது, 1934இல் பிரித்தானியா திருப்பிக் கொடுத்த கண்டி அரச சிம்மாசனம். அதில் கடைசியாக அமர்ந்தவர் நாயக்கர் வம்சத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்தார். இந்த நாட்டின் வரலாற்றில் தமிழுக்கு இடமில்லை என்று எங்கேயோ கேட்டு வளரும் பிள்ளைக்கு இந்த மூன்றையும் காட்டினால் நீங்கள் வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

காலிமுகத்திடலுக்கு வெயில் தணிந்த பின் போங்கள். ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது. கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலனுக்காகப் பின்வருவோர் இதைப் பேண வேண்டும் என்று அங்குள்ள நினைவுக்கல் கேட்டுக்கொள்கிறது. 1956 ஜூனில் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டதும் இதே திடலில்தான். 2022 மே 18 அன்று போராட்டக்காரர் முள்ளிவாய்க்காலை நினைவுகூர்ந்ததும் இங்கேதான். இறால் வடை வாங்கிக் கொடுங்கள், பட்டம் விடட்டும். வல்வெட்டித்துறைப் பட்டங்களைப் பார்த்த பிள்ளைக்கு அங்கு விற்பவை சிரிப்பாக இருக்கலாம். ஒரு விடயத்தில் கண்டிப்பு வேண்டும். காரைநகர் கசூரினாவில் தூரம் வரை நடந்து பழகிய பிள்ளை எல்லாக் கடலும் அப்படி என்று நினைக்கும். கொழும்புக் கரையில் கல்லும் இழுவையும் உண்டு, மே முதல் செப்ரெம்பர் வரை அலை மோசம். காலைக்கூட நனைக்க வேண்டாம்.

மிருகக்காட்சிச்சாலை தெகிவளையில் இருக்கிறது. காலையிலேயே போங்கள். ஏற்ற இறக்கம் அதிகம், செயற்கைக் கால் பொருத்தியவர்களுக்குச் சிரமம், ஆறுதலாக நடக்க வேண்டும். தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350 மீற்றர் உயரம், 2022 செப்ரெம்பரில் மக்களுக்குத் திறந்தார்கள், வார இறுதியில் வரிசை நீளும். கொச்சிக்கடையில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில் உண்டு. அந்தோனியார் தேவாலயமும் அதே பகுதியில்தான். வெளிநாட்டிலிருந்து வந்த மாமா, மாமி கூடவே வந்தால் வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு என்பதை முன்பே சொல்லி வையுங்கள், நுழைவாயிலில் நின்று சங்கடப்பட வேண்டாம்.

காசு இல்லாத வீட்டுக்கு என் சிபாரிசு கரையோர ரயில். கோட்டையிலிருந்து கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று கடலை ஒட்டியே போகும். அலுவலக நேரத்தைத் தவிர்த்து யன்னலோரம் பிடித்தால் போதும்.

வழி கேட்பதற்குச் சிங்களப் பெயர்களைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். கோட்டை கொட்டுவ, புறக்கோட்டை பிட்டகொட்டுவ, நூதனசாலை கௌதுகாகாரய, மிருகக்காட்சிச்சாலை சத்துவத்த. காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்கள் வெள்ளவத்தையையும் புறக்கோட்டையையும் இணைக்கின்றன. ஓட்டோவில் மீற்றர் போடச் சொல்லுங்கள், அல்லது செயலியில் அழையுங்கள்.

உடம்பும் மனமும்

உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் வைத்தியரின் கடிதம் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பெரிய கட்டடங்களின் வாசலில் உலோகம் காட்டும் கருவி சத்தம் போட்டால் பிள்ளைகள் முன்னால் விளக்கம் கொடுப்பது எளிதல்ல. ரயில் படிகள் உயரம். ஊன்றுகோலோடு செல்வோர் ஏற முன்பே நிலைய ஊழியரிடம் உதவி கேட்கலாம்.

சனநெரிசலிலோ சீருடையைக் கண்டோ நெஞ்சு படபடத்தால் பிள்ளையிடம் மறைக்க முயல வேண்டாம். அம்மாவுக்குக் களைப்பு, கொஞ்சம் இருப்போம் என்று சொன்னால் போதும். கூட வரும் பெரியவர் ஒருவருக்கு இதை முதலே சொல்லி வைத்திருந்தால் அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். தனியே பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொலைந்து போவதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். 2009இல் சனத்துக்குள் கைவிட்டுப் போன பிள்ளையை நாட்கணக்காகத் தேடிய பெற்றோருக்கு அந்தச் சொல்லே வாயில் வராது. ஆனால் புறக்கோட்டைக்குப் போகமுன் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்: காணாவிட்டால் ஓடக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், பிள்ளையோடு நிற்கும் ஓர் அம்மாவிடம் சொல்ல வேண்டும். தொலைபேசி இலக்கத்தைக் கையில் பேனையால் எழுதி விடுங்கள். அன்று போட்ட உடுப்போடு காலையில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990, சிறுவர் உதவி 1929. பிள்ளைக்குக் கடும் சுகவீனம் என்றால் பொரளையில் உள்ள லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை அரச வைத்தியசாலைதான்.

திரும்பும்போது இரவு பஸ் பரவாயில்லை, பிள்ளைகள் களைத்து நித்திரையாகி விடுவார்கள். தேங்காய் உடைக்க முறிகண்டியில் பஸ் நிற்கும்போது எழுப்பி ஒரு தேநீர் கொடுங்கள். யாழ்ப்பாணம் போய்ச்சேர இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது.