தோம்பில் ஒரு பெயர், கிணற்றில் ஒரு பங்கு

யாழ்ப்பாணத்து அரசர்களைப் பாட கைலாயமாலை இருக்கிறது, வையாபாடல் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் வைபவமாலையும் எழுதி வைத்தார். வலிகாமத்துச் செம்பாட்டுத் தறையில் நாலு பரப்பு புகையிலை நட்டு வாழ்ந்த பூட்டனை யாரும் பாடவில்லை. அவர் ஏட்டில் ஏறியது இரண்டே காரியங்களுக்காக: ஒன்று வரி, மற்றது வழக்கு.

வரிக்கு எழுதியது தோம்பு. 1658இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் நிலத்துக்கு ஒரு தோம்பும் தலைக்கு ஒரு தோம்பும் வைத்திருந்தார்கள். கோயிற்பற்றுப் பள்ளிக்கூடங்களில் ஞானஸ்நானமும் கலியாணமும் பதிந்த பள்ளித்தோம்பு வேறு. அதில் பெயர் இல்லாதவனுக்குப் பிள்ளையின் உரிமையை நிறுவுவது கஷ்டம். ஆகவே பூட்டன் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஒரு பெயருக்குத் தலையாட்டிவிட்டு, வீட்டில் தன் பழைய பெயரோடும் பழைய சாமியோடும் இருந்தார். இதைப் போலித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. காணியைக் காப்பாற்ற அவருக்கு இருந்த வழி அது.

வழக்கு விஷயம்தான் சுவையானது. ஆளுநர் சைமன்சின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழமைகளைத் தொகுத்து 1707இல் ஒப்படைத்தார். அதைத் தமிழில் பெயர்த்து, 12 முதலிமாரிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். அதுவே தேசவழமை. சட்டப் புத்தகமென்று ஒதுக்கி வைத்தால் நட்டம் நமக்குத்தான். என் காணியில் நட்ட மரம் காற்றில் சாய்ந்து உன் காணிக்குள் நின்றால் காய் யாருக்கு? கடனாக வாங்கிய நெல்லுக்கு எவ்வளவு வட்டி? ஒற்றி வைத்த வயலை எந்தப் பருவத்தில் மீட்கலாம்? வேலிக்கரையில் நின்று அயலவர் போட்ட சண்டைகள்தான் இந்தப் பிரிவுகளாக உறைந்து கிடக்கின்றன.

பூட்டனின் சொத்து முழுவதையும் மூன்று சொல்லில் அடக்கிவிடலாம்: முதுசம், சீதனம், மணவாழ்வில் சம்பாதித்த தேடியதேட்டம். பழைய வழக்கில் தகப்பன் வழி முதுசம் ஆண்மக்களுக்கு, தாயின் சீதனம் பெண்மக்களுக்கு. போர்த்துக்கேயர் காலத்தில் இது குழம்பி, பொதுவில் இருந்தே சீதனம் எழுதத் தொடங்கினார்கள். எப்படியானாலும் காணியில் கணிசமான பகுதி பெண் வழியாகக் கைமாறியது. வம்சாவளி எழுதுகிறவர்கள் ஆண் பெயர்களையே கோத்துக்கொண்டு போகிறார்கள். பூட்டியின் பெயரைக் கேட்டால் அநேகமான வீடுகளில் மௌனந்தான். அவளுடைய சீதனக் காணியில்தானே வீடே நிற்கிறது!

பிரித்துப் பிரித்துக் காணி சுருங்கியது. கிணற்றை என்ன செய்வது? வற்றாத ஆறில்லாத ஊர் இது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்குவதை அள்ளித்தான் பயிர் செய்ய வேண்டும். அதனால் கிணற்றையும் பங்கு போட்டார்கள். உறுதியில் நிலத்தோடு கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழி, வாய்க்கால் என்று எழுதுவது இன்றும் உண்டு. முறை வந்த நாளில் விடியுமுன் இறைப்பு. துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்க்க, மூன்றாமவர் மண்வெட்டியோடு நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். குழை தாழ்த்து, பட்டி அடைத்து உரமேற்றிய மண்ணில் கன்று நட்டு, நுனி கிள்ளி, கெட்டு முறித்து, வெட்டிய இலையைக் குடிலில் தொங்கவிட்டுப் பொச்சுமட்டையும் ஊமலும் எரித்துப் புகை போடுவார்கள். அந்தப் புகையிலை தோணியேறித் திருவிதாங்கூருக்குப் போனது. கேரளத்தில் இன்னமும் ‘ஜாப்பாணம் புகையில’ என்று கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

துலா மிதித்தது யார் என்று இங்கே கேட்காமல் விட முடியாது. பல வீடுகளில் பூட்டன் மிதிக்கவில்லை. தேசவழமையில் அடிமைகளுக்கென்று ஒரு பகுதியே உண்டு. கோவியர், பள்ளர், நளவர் அதில் பெயர் சொல்லி வருகிறார்கள். காணி, மாடு, நகையோடு மனிதரையும் சீதனமாகக் கொடுக்கலாம். 1806இல் ஆங்கிலேயர் தேசவழமைக்குச் சட்ட வலு கொடுத்தார்கள். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். விடுதலையோடு ஒரு பரப்புக் காணிகூட எவருக்கும் வரவில்லை. முன்பு இறைத்த அதே தோட்டத்துக்கே பலர் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

அவர்களும் கமக்காரர்தான், மண்ணை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் பூட்டனைத் தேடி இறங்கினால், உறுதியில் உரிமையாளர் நிரலில் அவரைக் காண முடியாது. அதே உறுதியில் கொடுக்கப்பட்ட பொருள்களின் நிரலைத்தான் பார்க்க வேண்டும்.

(தொடரும்)