கல்கிசையிலிருந்து கைதடிவரை: வலுவிழந்த மாணவரும் உயர்கல்வி வாயிலும்

1

இலங்கையிற் கல்வி வரலாறு எழுதப்படும்போது கன்னங்கரா அறிக்கை, இலவசக் கல்வி, தாய்மொழிக் கல்வி, பாடசாலைகள் அரசுடைமையாக்கம், பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தல் ஆகியன தவறாது இடம்பெறுகின்றன. இவை ஒவ்வொன்றும் எந்த வர்க்கத்துக்கு, எந்த இனத்துக்கு, எந்தப் பிரதேசத்துக்கு வாயிலைத் திறந்தன அல்லது அடைத்தன என்பது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. ஆயின் கண்பார்வையோ செவிப்புலனோ இழந்த பிள்ளைக்கு இம்மாற்றங்கள் எவற்றைக் கொணர்ந்தன என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. அவ்வினாவைத் தமிழ்மொழிமூல மாணவர் நிலையில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிறப்பாக, பாடசாலையின் மேல்வகுப்புகளிலிருந்து பல்கலைக்கழகத்துக்கோ தொழிலுக்கோ செல்லும் அந்த இடைவழி எவ்வாறு அமைந்தது, அல்லது அமையாது போயிற்று, என்பது இங்கு கவனத்துக்குரியது.

முதலிற் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. குருடர், செவிடர், ஊமையர் என்ற வழக்குகள் காலனித்துவகால நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளிலேயே இடம்பெற்றன. பின்னர் அங்கவீனர் என்ற வடசொல்லாக்கம் அரச ஆவணங்களிற் புகுந்தது. வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுவலுவுள்ளோர் என்பன அதன் பின் வந்தவை. சொல்மாற்றம் நோக்குமாற்றத்தின் அடையாளமென்பது உண்மையே. எனினும் சொல் மாறிய வேகத்தில் வகுப்பறை மாறவில்லை என்பதை இவ்வரலாறு காட்டும்.

2

இலங்கையின் முதலாவது விசேட பாடசாலை 1912ஆம் ஆண்டிலே தெகிவளை–கல்கிசைப் பகுதியில் தோற்றம் பெற்றது. இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா மிஷனைச் சேர்ந்த மேரி சப்மன் அம்மையார் அதனை நிறுவினார். செவிப்புலனற்றோரும் விழிப்புலனற்றோரும் ஒரே வளவிற் பயிலும் விடுதிப் பாடசாலையாக அது வளர்ந்தது. இதே அம்மையாரின் பெயரால் 1920இலே தொடங்கிய செவிப்புலனற்றோர் பாடசாலை பர்மாவின் இரங்கூனிலும் உண்டு.

இம்முயற்சி தனித்து நிகழ்ந்ததன்று. தமிழ்நாட்டிலே பாளையங்கோட்டையில் இதே மிஷனைச் சேர்ந்த ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் விழிப்புலனற்றோர் பாடசாலையைத் தொடங்கியிருந்தார். சுவெயின்சன் அம்மையார் அதே ஊரிலே செவிப்புலனற்றோருக்கான பணியை அப்பத்தாண்டிலேயே ஆரம்பித்தார். தமிழ் எழுத்துகளுக்கு பிரெயில் குறிகளைப் பொருத்தும் ஆரம்ப முயற்சிகள் பாளையங்கோட்டையுடன் தொடர்புடையன. ஆகவே வங்காள விரிகுடாவின் இருபுறத்தும் ஒரு மிஷன் வலைப்பின்னல் இயங்கியதென்பதும், கல்கிசைப் பாடசாலை அதன் ஒரு கண்ணியென்பதும் பெறப்படும்.

மிஷன் பாடசாலைகளின் பணியைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. அரசு கைநீட்டாத காலத்தில், பெற்றோரும் சமூகமும் முன்வினையென்று ஒதுக்கிவைத்த பிள்ளைகளுக்கு அவை எழுத்தறிவு அளித்தன. ஆயினும் அவற்றின் கல்வி நோக்கு தருமத்தின் எல்லைக்குள்ளேயே நின்றது. பிரம்புப் பின்னல், நெசவு, தையல், தச்சுவேலை ஆகிய கைத்தொழில்களே பயிற்சியின் முடிவிடமாகக் கருதப்பட்டன. பிச்சை எடுக்காது வாழவைப்பது அக்காலத்தில் உயர்ந்த இலட்சியமே. ஆனால் அதே ஆண்டுகளில் கொழும்பின் ஆங்கிலக் கல்லூரிகள் தம் மாணவரைச் சட்டத்துறைக்கும் மருத்துவத்துக்கும் குடியியற் சேவைக்கும் ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தன. ஒரு பாடசாலை மேசையையும் மற்றையது கூடையையும் தன் இலக்காகக் கொண்டது. காலனித்துவக் கல்வியின் வர்க்கப் பிரிவினை வலுவிழந்தோர் கல்வியில் இவ்வாறு மேலும் கூர்மையடைந்தது.

செவிப்புலனற்றோர் நிலை இன்னும் கடினமானது. 1880இல் மிலான் நகரிலே கூடிய செவிப்புலனற்றோர் கல்வி மாநாடு, சைகை மொழியை விலக்கி உதட்டசைவும் பேச்சும் கொண்டே கற்பிக்கவேண்டுமென முடிவுசெய்தது. அம்முடிவின் செல்வாக்கு உலகெங்கும் பரவியது. மாணவரின் பொழுதிற் பெரும்பகுதி பேச்சொலிகளை எழுப்பப் பழகுவதிலேயே செலவாயிற்று. வரலாறும் கணிதமும் விஞ்ஞானமும் பின்தள்ளப்பட்டன. இலங்கையில் விடுதிப் பிள்ளைகள் தமக்குள் வளர்த்த சைகைகள் பாடசாலைக்குப் பாடசாலை வேறுபட்டே வளர்ந்தன. மிலான் முடிவை அம்மாநாட்டு மரபின் வழிவந்தோர் முறைப்படி நிராகரித்தது 2010இல், வன்கூவர் நகரிலாகும். நூற்றுமுப்பது ஆண்டுகள் ஒரு தலைமுறைக்கு அன்று, பல தலைமுறைகளுக்குரிய இழப்பு.

3

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிமூலக் கல்வி வலுப்பெற்று, ஐம்பதுகளில் இடைநிலை வகுப்புகளுக்கும் படிப்படியாக விரிந்தது. சாதாரண பிள்ளைக்கு இது பெருங்கதவு. விசேட பாடசாலைக்கோ இது ஒரு நிறுவனப் பிளவையும் கொணர்ந்தது. மும்மொழிப் பிள்ளைகளும் ஒரு கூரையின் கீழிருந்த கல்கிசை மரபிலிருந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கான தனிப் பாடசாலை பிரிந்தது. தென்மராட்சியிலே, யாழ்ப்பாணம்–கண்டி வீதியை அண்டிய கைதடியில், நவீல்ட் என்னும் பெயரைத் தாங்கிய அப்பாடசாலை 1956இல் அமைந்தது. தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டும் அதுவேயாகும். ஒன்றுக்கு மற்றது காரணமென்று கொள்ளல் பொருந்தாது. ஆயினும் இவ்விரண்டும் ஒரே காலப்போக்கின் இரு விளைவுகள் என்று நோக்குதல் தவறாகாது.

தாய்மொழியிற் கற்கும் வாய்ப்பு கைதடியால் உறுதிப்பட்டது. அதன் பயன் பெரிது. ஆனால் கொழும்புத் தமிழருக்கு அதன் மறுபக்கமும் உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழ்ந்த குடும்பமொன்றின் பார்வையற்ற பிள்ளைக்குக் கல்கிசை சிறுதொலைவு. கைதடி ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். பெற்றோர் முன் மூன்று வழிகளே இருந்தன: பிள்ளையை வடக்கே விடுதிக்கு அனுப்புதல், அயலிலே வேற்றுமொழிச் சூழலிற் சேர்த்தல், வீட்டிலேயே வைத்திருத்தல். 1983 ஜூலைக்குப் பின் முதலாவது வழி அச்சம் நிறைந்ததாயிற்று. 1995 ஒக்டோபர் வலிகாம இடப்பெயர்வும் 2000ஆம் ஆண்டின் தென்மராட்சிப் போரும் கைதடி அமைந்த நிலத்தையே புரட்டின. யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை நீண்ட காலம் அடைபட்டுக் கிடந்தது. இனப்பிரச்சினையின் விலையை வலுவிழந்த பிள்ளை இருமடங்காகச் செலுத்தியது எனலாம். போர் புதிதாக உருவாக்கிய வலுவிழப்புகளோ தனியொரு ஆய்வுக்குரியன.

4

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. எனினும் விசேட பாடசாலைகள் பெரும்பாலும் சமய, தொண்டு நிறுவனங்களின் முகாமையிலேயே அரச உதவியுடன் தொடர்ந்தன. தேசியக் கல்வி என்ற கட்டடம் எழுந்தபோது இப்பிள்ளைகள் அதன் தாழ்வாரத்திலேயே விடப்பட்டனர் என்பதே இதன் உட்பொருள். அறுபதுகளின் இறுதியில் ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் தொடங்கியது. வலுவிழந்த பிள்ளைகள் சாதாரண பாடசாலையிற் சேர்க்கப்பட்டனர்; சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் அமைந்தன.

பல்கலைக்கழக வாயில் மெய்யாகத் திறந்தது இவ்வழியிலேயே. விசேட பாடசாலை கீழ்வகுப்புகளில் எழுத்தறிவும் தன்னம்பிக்கையும் அளித்தது, க.பொ.த. உயர்தர வகுப்பு சாதாரண கல்லூரியிற் கிடைத்தது. இரண்டையும் இணைத்தபோது மாணவர் பல்கலைக்கழகம் சென்றனர். 1988இலே சுன்னாகத்தில் அன்னலட்சுமி சின்னத்தம்பி அம்மையாரின் முயற்சியால் உருவான வாழ்வகம் இதற்கு நல்ல சான்று. விழிப்புலன் வலுவிழந்த மாணவர் அங்கே தங்கி, அயற் பாடசாலைகளிற் பார்வையுள்ள மாணவருடன் அமர்ந்து கற்றனர். பலர் பட்டதாரிகளாயினர், ஆசிரியராயினர். தங்குமிடம், பிரெயில் நூல், வாசித்துக்காட்ட ஒருவர், நடமாட்டப் பயிற்சி ஆகிய நான்கும் ஒருசேரக் கிடைத்தால் உயர்கல்வி எட்டாக் கனியன்று என்பதை அவ்வனுபவம் நிறுவியது.

ஆனால் இவ்வழியில் இரு குறுக்கங்கள் இருந்தன. முதலாவது, துறைக் குறுக்கம். விழிப்புலன் வலுவிழந்த மாணவர் ஏறத்தாழ முழுமையாகக் கலைத்துறைக்கே ஆற்றுப்படுத்தப்பட்டனர். தமிழ், வரலாறு, சமயம், சங்கீதம் ஆகியன அவர்களுக்குரியனவெனவும், கணிதமும் விஞ்ஞானமும் அல்லவெனவும் ஆசிரியரும் பெற்றோரும் முன்கூட்டியே தீர்மானித்தனர். வரைபடத்தைத் தொட்டுணரும்படி ஆக்கும் கருவிகள் இல்லாமையே காரணம்; மாணவரின் ஆற்றலின்மை அன்று. இரண்டாவது, செவிப்புலன் வலுவிழந்தோர் பற்றியது. விரிவுரையைச் சைகையில் உரைபெயர்ப்போர் இல்லாத இடத்தில் உயர்தரமும் பல்கலைக்கழகமும் அவர்களுக்குப் பெயரளவிலேயே திறந்திருந்தன. தமிழிலும் சைகையிலும் ஒருங்கே தேர்ந்த உரைபெயர்ப்பாளர் இன்றும் மிகச் சிலரே. ஒரே விடுதியில் வளர்ந்த இரு பிள்ளைகளுள் ஒருவர் பட்டதாரியாகவும் மற்றவர் தையற்பொறியோடு நிற்பவராகவும் பிரிந்தமைக்குத் திறமை விளக்கமாகாது; ஏற்பாடே விளக்கமாகும்.

5

சட்டங்கள் இக்காலத்திலேயே வந்தன. 1988இல் வெளிவந்த 27/88ஆம் இலக்க அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை, தகைமையுள்ள வலுவிழந்தோருக்கு அரசதுறை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை ஒதுக்கியது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணங்காட்டி வேலையிலோ கல்விநிலைய அனுமதியிலோ பாரபட்சம் காட்டலாகாதென விதித்தது. 2003இல் தேசிய கொள்கை வகுக்கப்பட்டது. 2006இல் கட்டடங்களை அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் வந்தன. 2016இல் ஐக்கிய நாடுகள் சமவாயம் ஏற்புறுதி செய்யப்பட்டது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, குறைந்தபட்சத் தகைமை பெற்ற வலுவிழந்த பரீட்சார்த்திகளுக்கு விசேட அனுமதி ஏற்பாடும் செய்துள்ளது.

இவற்றை 2012 குடிசன மதிப்பீட்டுடன் ஒப்பிடல் வேண்டும். அதன்படி ஐந்து வயதுக்கு மேற்பட்ட மக்களில் 8.7 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதேனுமொரு செயற்பாட்டுச் சிரமம் உடையோர். இவர்களுள் முதியோரே மிகுதியெனினும் இது சிறுபான்மை நலன்புரிப் பிரச்சினையெனத் தள்ளத்தக்க தொகையன்று. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் 5 சதவீதமும் அரச வேலையில் 4 சதவீதமும் ஒதுக்குவதைச் சட்டக் கடப்பாடாக்கியது. இலங்கையிலோ வேலை ஒதுக்கீடு சுற்றறிக்கையின் பலத்திலேயே நிற்கின்றது. சுற்றறிக்கையை மீறுவோருக்குத் தண்டமில்லை.

எனினும் ஒதுக்கீடு வாயிலின் இறுதிப் படியே. அதற்கு முந்திய படிகள் எங்கே? ஐக்கிய அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம், பாடசாலையை விட்டு நீங்குமுன்னரே ஒவ்வொரு வலுவிழந்த மாணவருக்கும் எதிர்கால வழித்திட்டமொன்றை மாணவரையும் பெற்றோரையும் கூட்டி வகுக்கவேண்டுமெனப் பாடசாலைமீது கடமை சுமத்தியது. பதினாறு வயது மாணவர் எந்தப் படிப்பை நாடுகின்றார், அதற்கு எந்தத் துணைக்கருவி தேவை, தனியே பேருந்தில் ஏறி இறங்கப் பழகினாரா, எந்த நிலையத்துடன் தொடர்பு ஏற்படுத்தவேண்டும் என்பன எழுத்திற் பதியப்படும். முதலாளித்துவச் சமூகமொன்றில் இச்சட்டம் தானாகக் கனிந்ததன்று. பெற்றோரும் வலுவிழந்தோரும் தெருவிலும் நீதிமன்றிலும் போராடிப் பெற்றது. இலங்கையில் இத்தகைய கடமை எந்தப் பாடசாலைக்கும் விதிக்கப்படவில்லை. கல்வி அமைச்சு பாடசாலையோடு நிற்க, சமூக சேவைத் திணைக்களம் சீதுவை போன்ற தொழிற்பயிற்சி நிலையங்களோடு நிற்க, இரண்டுக்குமிடையே மாணவர் தாமே நீந்திக் கடக்கவேண்டியுள்ளது. 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் சாதாரண தரம் சித்தியடையாதோருக்கும் தொழிற்பாடங்களைத் திறந்தது. அத்துறையில் வலுவிழந்த மாணவருக்குரிய இடத்தைத் தெளிவாக வரையறுத்தல் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடும்.

6

இறுதியாக, தமிழ்ச் சமூகமும் தமிழ்ப் புலமையுலகும் அரசை எதிர்பாராது செய்யக்கூடிய ஒன்றைச் சுட்டல் தகும். 1951இல் பெய்ரூத் மாநாட்டின் இணக்கத்தையொட்டிப் பாரதி பிரெயில் உருவானது. ஆறு புள்ளிகளால் தமிழின் ஒலிகளனைத்தும் குறிக்கப்பட்டன. தமிழகத்து நூலை யாழ்ப்பாணத்து விரல் வாசிக்க இது வழிசெய்தது. ஆனால் இலங்கைப் பாடத்திட்டம் வேறாதலின் உயர்தர நூல்கள் இங்கேயே ஆக்கப்படவேண்டியன. கணினித் திரையை வாய்விட்டு வாசிக்கும் என்விடிஏ போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழும் பேசுகின்றன. ஆயினும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட குறிப்பை அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே உச்சரிக்கும். ஒருங்குறியில் எழுதப்படாத ஒவ்வொரு வினாத்தாளும், விரிவுரைக் குறிப்பும், ஆய்விதழும் பார்வையற்ற மாணவருக்கு மூடிய கதவே. அச்சு வாசிக்க இயலாதோருக்கு நூல்களைப் பெயர்த்தளிக்கும் மராக்கேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016இல் இணைந்துள்ளது. தமிழ்ச் சங்கங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் தம் வெளியீடுகளை ஒருங்குறியில் ஆவணப்படுத்துதல் அதன் வழியிலே எளிதில் எடுக்கத்தக்க முதலடியாகும்.

தருமத்திலிருந்து ஒருங்கிணைப்புக்கும் ஒருங்கிணைப்பிலிருந்து உரிமைக்கும் இவ்வரலாறு நகர்ந்துள்ளது. ஆனால் உரிமை என்பது சட்டப் புத்தகத்தில் அன்றி, பதினேழு வயது மாணவர் எதிர்கொள்ளும் வகுப்பறையிலேயே சோதிக்கப்படுகின்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகள் ஒவ்வொன்றும், தம் அயலிலே வீட்டோடு நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேரெனக் கணக்கெடுத்தல் அச்சோதனையின் தொடக்கமாக அமையும்.